காணாமையும் இன்மையும்

கணினியில் எழுதிவைத்த கோப்பொன்று தேடிய இடத்தில் அகப்படாதபோது, அது மகளின் திருமணச் செலவுக் கணக்காயினும், பேரனின் உபநயனப் படங்களாயினும், பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகத் திரட்டிய குடும்ப வமிசாவளியாயினும், அதனை இழந்தவர் வாயிலிருந்து முதலில் எழுகின்ற சொல் ‘போச்சு’ என்பதுதான். துக்கத்தில் பிறக்கும் அச்சொல்லை அவர் ஒரு சித்தாந்தமாக எண்ணிச் சொல்வதில்லை. ஆயினும், ‘எனக்குப் புலப்படவில்லை, ஆகவே அது இல்லை’ என்ற சித்தாந்தம் அதனுள் அடங்கியே இருக்கிறது. காணாமையிலிருந்து இன்மையை ஊகித்துவிடும் இந்த அவசரம் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியதென்று சொல்வதற்கில்லை. இறைவனைப் பற்றியும், ஆன்மாவைப் பற்றியும், மாண்டவர் அடைந்த நிலையைப் பற்றியும் பேசும்போது கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே இந்த அவசரத்துக்கு ஆளாகிறோம். நம் தேசத்துத் தார்க்கிகர்கள் இந்த ஊகத்தை எந்த மட்டும் ஏற்கலாம், எந்த இடத்தில் மறுக்க வேண்டும் என்று பல நூற்றாண்டுகள் வாதித்து ஒரு நியதியை வகுத்து வைத்திருக்கிறார்கள். கோப்பை இழந்தவருக்குக் கணினிக் கடைக்காரர் தரக்கூடிய எந்த உபாயத்தைக் காட்டிலும் அந்த நியதி மூத்தது. அதனை அறிந்தவருக்கு மற்ற உபாயங்கள் தாமே விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதனைச் சிந்திப்பதற்கு ஸ்ரீவராகம் பொருத்தமான இடம். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு அணித்தாக, விசாலமான திருக்குளத்தின் அருகே, லக்ஷ்மியோடு கூடிய வராகமூர்த்தி கோயில் கொண்டிருப்பதால் அப்பகுதிக்கு அப்பெயர் வழங்குகிறது. கேரளத்தில் பன்னியூர், தமிழகத்தில் ஸ்ரீமுஷ்ணம், திருவிடந்தை என்று வராகப் பெருமானை மூலவராகக் கொண்ட தலங்கள் சிலவே ஆதலால், கோட்டையைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பத்தாரும் மலையாளிகளும் அவரிடம் தனியானதொரு பக்தி பாராட்டி வருகிறார்கள். அவருடைய சரிதத்தை விரித்துரைக்கும் ஸ்ரீமத் பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் பலரும் கவனியாமல் கடந்துவிடும் நுட்பம் ஒன்று உண்டு. பிரஜைகளைப் பெருக்குமாறு பணிக்கப்பட்ட ஸ்வாயம்புவ மனு, அவர்கள் வசிப்பதற்கு உரிய பூமியோ பிரளய ஜலத்தில் மூழ்கிக் கிடக்கிறதே என்று முறையிட, பிரம்மாவின் நாசியிலிருந்து கட்டைவிரல் அளவினதாய் வெளிப்பட்ட பன்றிக்குட்டி கண்முன்னே மலையளவு வளர்ந்து நீரினுள் புகுகின்றது. புகுந்த பெருமான், எல்லை காணாத அந்த ஜலத்தில், பூமி சென்ற வழியை முகர்ந்து முகர்ந்து தேடிக்கொண்டு போகிறார் என்று பாகவதம் வர்ணிக்கிறது.

பன்றியின் இயல்பு மோப்பம், ஆகவே கவி அவ்வாறு பாடினார் என்று அமைந்துவிடலாம். ஆனால் தர்க்க சாஸ்திரத்தின் பாலபாடமாகிய தர்க்க சங்கிரகத்தைப் படித்தவருக்கு அதற்கும் ஆழமான பொருள் தோன்றும். அன்னம்பட்டர் அந்நூலில் பிருதிவிக்குக் கூறும் லக்ஷணம் மணம் உடைமை. நீருக்கு இயல்பான மணம் கிடையாது. நீரில் மணம் தோன்றுமாயின் அது அதனோடு கலந்த பிருதிவியின் அம்சத்தால் வந்ததென்பது வைசேஷிகர் கொள்கை. ஆகையால், எங்கும் நீராகவே இருக்கும் ஓரிடத்தில், உருவமும் எல்லையும் பெயரும் மறைந்து போன பூமியைக் கண்டுபிடிப்பதற்கு உரிய ஒரே அடையாளம் அதனை விட்டு நீங்காத குணமாகிய மணமே. கண் பயன்படாத இடத்தில் லக்ஷணத்தைப் பற்றிக்கொண்டு தேடிய அம்முறையைத்தான், பின்னே கூறப்போகிறபடி, இழந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்களும் கையாளுகின்றன.

நியதிக்கு வருவோம். ஒரு பொருள் இல்லை என்பதை நாம் எப்படி அறிகிறோம்? பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் ‘அனுபலப்தி’, அதாவது காணப்படாமை, என்பதைத் தனிப் பிரமாணமாகவே கொண்டார்கள்; நையாயிகர்கள் அதனைப் பிரத்தியக்ஷத்தில் அடக்கினார்கள். இப்பிணக்கு எவ்வாறாயினும், இரு சாராரும் ஒருமுகமாக வற்புறுத்தும் நிபந்தனை ஒன்று இருக்கிறது. இருந்திருந்தால் காணப்பட்டே தீரும் என்னும் தகுதி அமைந்த இடத்தில் காணாமை ஏற்பட்டால்தான் அது இன்மைக்குச் சான்றாகும். விளக்கெரியும் அறையில் குடம் தென்படவில்லையானால் குடம் இல்லை என்று சொல்லலாம். இருள் சூழ்ந்த அறையில் தென்படாமை ஒன்றையும் நிரூபிப்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம்முடைய வேதாந்த பரிபாஷையில் இந்த ‘யோக்கியதை’க்காகவே நெடிய விசாரணை செய்திருக்கிறார். இல்லை என்று சொல்லுமுன், ‘இருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

இக்கேள்வியைக் கணினியிடம் கொண்டு செல்லும்போது, இழப்பென்று அலறிய பல சம்பவங்கள் இழப்பே அல்ல என்பது விரைவில் வெளிப்படும். புதிய கணினி வாங்கியவர், முகப்புத் திரையில் தாம் வைத்த கோப்புகள் எல்லாம் வன்றட்டில் உள்ள பழைய இடத்தை விட்டு ‘ஒன்ட்ரைவ்’ என்னும் கோப்புறைக்குள் மாற்றி அமைக்கப்பட்டிருப்பதை அறியாமல் பழைய இடத்திலேயே தேடுகிறார். இன்னொருவர் வேறு பயனர் கணக்கில் நுழைந்துகொண்டு தம் ஆவணங்களைக் காணோம் என்கிறார். கோப்பின் பெயரைத் தவறாக நினைவு வைத்திருப்பவரோ எண்ணற்றோர். இவர்களுக்கு நான் முதலில் எடுத்துரைப்பது ‘எவ்ரிதிங்’ என்னும் சிறிய இலவச நிரல். அது வட்டில் உள்ள கோப்புப் பெயர்களின் பட்டியலை நேரே வாசித்துவிடுவதால், பெயரில் ஏதேனும் மூன்று நான்கு எழுத்துகள் நினைவிருந்தால் போதும், தட்டச்சு செய்யும்போதே கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். பெயரே நினைவில்லையெனில், தேதிவாரியாகவோ அளவுவாரியாகவோ அடுக்கிப் பார்க்கலாம். அறைக்கு விளக்கேற்றுவது என்பது இதுதான்.

பென்டிரைவில் நேரும் ஒரு விபத்தை இங்கே சற்று விரித்துக் கூற வேண்டும். ஏனெனில் அச்சகங்களிலும், ஜெராக்ஸ் கடைகளிலும், கல்லூரிகளிலும் கைமாறிக் கைமாறிச் செல்லும் பென்டிரைவுகளால் இது நம் நாட்டில் மிக மலிந்துவிட்டது. கடையில் ஒரு தாளை அச்சடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து செருகினால், இருந்த உறைகள் ஒன்றையும் காணோம். அவற்றின் இடத்தில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் நிற்கின்றன. சில வேளை அவையும் இல்லை. வைரஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டதென்று நம்பிப் பென்டிரைவை ‘பார்மட்’ செய்துவிடுபவர் உண்டு. உண்மையில் பெரும்பாலும் அந்த நச்சுநிரல் எதனையும் அழிப்பதில்லை. ஒவ்வோர் உறைக்கும் ‘மறைந்தது’, ‘அமைப்புக்கு உரியது’ என்னும் இரண்டு குணங்களை ஏற்றிவிட்டு, அவற்றின் பெயரில் தன்னை இயக்கும் போலிச் சின்னங்களை வைத்துவிடுகிறது. நாம் அச்சின்னத்தை அழுத்தினால் நம் கணினிக்கும் அது தொற்றுகிறது. பென்டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாலே உண்மை துலங்கும்: ஒன்றும் இல்லாத வட்டில் எட்டு ஜிகாபைட் எப்படி நிரம்பியிருக்கக்கூடும்? சின்னங்களைத் தொடாமல், முதலில் நச்சுத்தடுப்பு நிரலால் சோதித்துவிட்டு, கட்டளைச் சாளரத்தில் ‘அட்ரிப்’ என்னும் கட்டளையால் அந்த இரண்டு குணங்களையும் நீக்கினால், உறைகள் யாவும் இருந்தபடியே தோன்றும். வேதாந்திகள் ‘அடைந்ததையே அடைதல்’ என்று கூறுவதும், கழுத்தில் கிடக்கும் ஆரத்தை ஊரெங்கும் தேடியவள் ஒருவர் சுட்டிக்காட்டியதும் பெற்றதாக மகிழ்வதும் இத்தகையனவே. அவள் ஆரத்தை ஒருபோதும் இழக்கவில்லை. ஆவரணம் நீங்கியதே அவள் பெற்ற லாபம்.

தமிழில் எழுதுவோருக்கு நேரும் மறைவொன்றும் உண்டு. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிரபந்தங்களையும் மலர்களையும் இன்றைய கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று எறிந்துவிடத் தோன்றும். அதில் ஒரு பிட்டும் கெடவில்லை; எந்த எண்ணுக்கு எந்தத் தமிழெழுத்து என்ற சங்கேதம் மட்டும் நம் கணினிக்குத் தெரியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் அந்த உரையை இட்டுப் பழைய குறியேற்றத்தைத் தேர்ந்தால் யூனிகோடில் தெளிவான தமிழாக வெளிவரும்.

இனி, உண்மையாகவே அழித்துவிட்ட கோப்பின் கதி என்ன? இங்கேதான் பழைய தரிசனங்களின் வாதம் மறுபடியும் உயிர்பெறுகிறது. சாங்கியர்கள் ஸத்காரியவாதிகள், உள்ளது ஒருபோதும் இல்லாமற் போவதில்லை, நாசம் என்பது காரியம் தன் காரணத்தில் ஒடுங்கி மறைதலே என்பது அவர் துணிபு. சைவசித்தாந்திகளும் இதனை ஏற்று, ஒடுங்கிய இடத்திலிருந்தே உலகம் மீளத் தோன்றுமென்ற யுக்தியால் முதல்வனை நிறுவுவதை மெய்கண்டாரின் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தில் காணலாம். நையாயிகர்களோ இதனை ஒப்பார்கள். குடம் உடைந்த கணத்தில் ‘பிரத்வம்ஸாபாவம்’ என்னும் இன்மை பிறக்கிறது, அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை, உடைந்த அந்தக் குடம் எக்காலத்தும் திரும்பி வராது என்று அவர்கள் சாதித்தார்கள். பலகாலம் நான் இவ்விரண்டும் சொல்லளவிலான பிணக்கென்றே எண்ணியிருந்தேன். வன்றட்டின் உட்செயலை அறிந்தபின் அவ்வாறு எண்ண இயலவில்லை.

கணினியில் ஒரு கோப்பை நீக்குமாறு கட்டளையிட்டால், சாதாரணமாக அது குப்பைத்தொட்டிக்குச் செல்லும். பென்டிரைவிலிருந்து நீக்கியதும், ஷிப்ட் விசையோடு நீக்கியதும் அங்கே செல்லா. ஆயினும், தொட்டியைக் காலி செய்த பின்னும் கூட, பழைய சுழலும் வட்டுகளில் கோப்பின் உள்ளடக்கம் உடனே தொடப்படுவதில்லை. என்டிஎஃப்எஸ் என்னும் அமைப்பில், பெரும் பதிவேட்டில் அக்கோப்புக்குரிய பதிவு ‘உபயோகத்தில் இல்லை’ என்று குறிக்கப்படுகிறது. பென்டிரைவுகளில் வழங்கும் ஃபேட் அமைப்பில், அட்டவணையில் உள்ள பெயரின் முதல் எழுத்து ஒரு குறியால் மாற்றப்பட்டு, அதன் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்ற சங்கிலி விடுவிக்கப்படுகிறது. படமோ எழுத்தோ பழைய இடத்திலேயே, பெயரும் உடைமையாளரும் இன்றி, வேறொரு கோப்பு தன்மேல் எழுதப்படும் வரை கிடக்கின்றது. அதுவரை சாங்கியர் சொல்வது சரி. மேலே எழுதப்பட்ட கணத்தில் நையாயிகர் சொல்வது சரியாகிவிடுகிறது. அதற்குப் பின் எந்த வித்தையாலும் அது திரும்பாது.

இந்த இரண்டு கணங்களுக்கும் இடையில் உள்ள காலம் இழந்தவருடைய கையிலேயே இருக்கிறது என்பதை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். கோப்பைக் காணாமல் பதறியவர் செய்வது என்ன? இணையத்தில் மீட்பு நிரல் ஒன்றைத் தேடி, அதே வட்டில் இறக்கி, அதே வட்டில் நிறுவுகிறார். அந்த நிறுவுதலே, அவர் தேடும் கோப்பு கிடந்த இடத்தின்மேல் எழுதிவிடக்கூடும். மீட்கப் புறப்பட்ட கையே அழித்துவிடுகிறது. ஆகவே முதற் கடமை நிறுத்துவது. பென்டிரைவோ காமிராவின் அட்டையோ ஆயின் உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். கணினியின் சொந்த வட்டாயின் அதனை அணைத்துவிட்டு, அந்த வட்டை வேறொரு கணினியில் இணைத்தோ, பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸால் கணினியைத் துவக்கியோதான் தேட வேண்டும். மீண்ட கோப்புகளை வேறு வட்டில் சேமிக்க வேண்டும். வட்டு ‘டிக் டிக்’ என்று ஒலிக்குமானால் எந்த நிரலையும் ஓட்டலாகாது; செக்டிஸ்க் முதலிய பழுதுபார்க்கும் நிரல்களும் அப்போது கேடு விளைவிக்கும். அத்தகைய வட்டின் உயிர் சொற்ப நேரமே ஆதலால் தேர்ந்த மீட்பாளரிடம் ஒப்படைப்பதே நலம். நிவிருத்தி என்று நம் முன்னோர் புகழ்ந்த செயலொழிதல் எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த ஒரு விஷயத்திலேயே கண்கூடாகக் காணலாம்.

மீட்பு நிரல்களுள் என் மதிப்பில் முதல் ஸ்தானம் பெறுபவை கிறிஸ்தோஃப் கிரனியே என்னும் பிரெஞ்சுக்காரர் ஆக்கிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டும். இவை யாவருக்கும் இலவசம். மூலநிரலும் திறந்து கிடப்பது. இத்தகைய சுதந்திர மென்பொருள்களுக்குத் திருவனந்தபுரத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு: 2001-ஆம் ஆண்டு ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருக்க, இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில்தான் தொடங்கப்பட்டது, கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் லினக்ஸிலேயே பயில்கிறார்கள். டெஸ்ட்டிஸ்க் குலைந்த அட்டவணைகளைச் சீராக்கும். ஃபோட்டோரெக்கின் வழியோ வேறு. அது அட்டவணையை நம்புவதே இல்லை. வட்டின் முதல் பிரதேசத்திலிருந்து கடைசிப் பிரதேசம் வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே சென்று, ஒவ்வொரு வகைக் கோப்பும் தன் தலையில் தாங்கியிருக்கும் முத்திரையைத் தேடுகிறது. ஜேபெக் படமாயின் இன்ன மூன்று எண்களோடு தொடங்கும், பிடிஎஃப் ஆவணமாயின் தன் வகைப்பெயரையே தலையில் எழுதிக்கொண்டிருக்கும். பெயர் தெரியாது, உறை தெரியாது, தேதி தெரியாது. லக்ஷணம் ஒன்றே துணை. பிரளய ஜலத்தில் மணத்தைப் பற்றிக்கொண்டு சென்ற மூர்த்தியின் வழியே இது. இவ்வாறு மீண்ட படங்கள் தம் பழைய பெயரின்றி, ஓர் எழுத்தும் எண்ணுமாக வந்து நிற்கும். இன்னது இன்னாருடையதென்று பிரித்தறிவது நம் பொறுப்பு.

பெயரின்றி மீண்டதை அடையாளம் காணுதல் எத்தனை அரிய காரியம் என்பதற்கு இந்நகரின் வரலாற்றிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. பாஸன் என்னும் நாடகக் கவியைக் காளிதாஸன் மாளவிகாக்னிமித்திரத்தின் தொடக்கத்திலேயே மரியாதையோடு நினைக்கிறான். பாணன் ஹர்ஷசரிதத்தில் புகழ்கிறான். ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவனுடைய நாடகம் என்று ஒன்றையும் சம்ஸ்கிருதப் பண்டித உலகம் கண்டதில்லை. அவை அழிந்தன என்பதே அனைவரின் முடிவாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து திருவிதாங்கூரில் ஏட்டுப் பதிப்புத் துறையை நடத்தி வந்த மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார், 1909-இல், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள லிபியில் எழுதப்பட்ட பனையோலைச் சுவடியொன்றைக் கண்டார். அதில் அதுவரை அச்சேறாத பல நாடகங்கள் இருந்தன. எதிலும் கவியின் பெயர் இல்லை. பின்னர்த் தொடர்ந்து தேடிக் கிடைத்தவற்றோடு 13 நாடகங்கள் சேர்ந்தன. 1912 முதல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் அவை வெளிவந்தன. பெயரில்லாத அந்த நாடகங்களைப் பாஸனுடையவை என்று சாஸ்திரியார் எவ்வாறு துணிந்தார்? மற்ற நாடகங்களில் நாந்தி பாடிய பின்னரே ஸூத்திரதாரன் வருவதாக அமைந்திருக்க, இவையோ ஸூத்திரதாரன் பிரவேசத்தோடேயே தொடங்குகின்றன; ஸூத்திரதாரனால் தொடங்கப்பெறும் நாடகங்களால் பாஸன் கீர்த்தி பெற்றான் என்பது பாணன் வாக்கு. ஸ்வப்னவாஸவதத்தம் பாஸனுடையது என்பதற்கு ராஜசேகரன் சாட்சி. தலையில் உள்ள முத்திரையைக் கொண்டு உடைமையாளனை அனுமானித்த இம்முறையை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இவை கோயில்களில் கூத்தாடும் சாக்கியார்களின் அரங்கிற்காகத் திருத்தித் தொகுக்கப்பட்டவை என்று கேரளத்துப் பண்டிதர்களே சிலர் வாதித்தனர். கர்த்தா யார் என்ற அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்கு அதனினும் வியப்பாக இருப்பது வேறொன்று. உலகம் அழிந்தனவென்று கருதிய காலமெல்லாம், இந்நாடகங்களின் அங்கங்களைக் கேரளத்துக் கோயில் கூத்தம்பலங்களில் சாக்கியார்கள் கூடியாட்டமாக ஆடிவந்தார்கள். பிரதிஜ்ஞாயௌகந்தராயணத்தின் ஓர் அங்கம் ‘மந்திராங்கம்’ என்ற பெயரில் அவர்களுக்கு நெடுங்காலமாகப் பரிச்சயம். காசியிலும் புணேயிலும் இருந்தவர் காணவில்லை என்பது உண்மை. காணத்தக்க இடத்தில் அவர்கள் நிற்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. யோக்கியதை இல்லாத காணாமையிலிருந்து இன்மையை ஊகித்த பிழைக்கு இதனை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் பிரத்வம்ஸம் பொய்யென்று யாரும் எண்ணிவிடலாகாது. அண்மைக் காலத்துக் கணினிகள் பலவற்றில் சுழலும் வட்டு இல்லை. எஸ்எஸ்டி எனப்படும் மின்னணு நினைவகமே இருக்கிறது. இவற்றில் ஒரு கோப்பை நீக்கியதும் இயங்குதளம் ‘ட்ரிம்’ என்னும் கட்டளையால் அவ்விடம் இனித் தேவையில்லையென்று நினைவகத்துக்கு அறிவித்துவிடுகிறது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு இது தானாகவே நிகழ்கிறது. நினைவகம் ஓய்ந்த நேரத்தில் அவ்விடத்தைத் துடைத்துவிடும். பிறகு அங்கே வாசித்தால் பூஜ்யங்களே கிடைக்கும். ஃபோட்டோரெக் ஆயினும், ஆயிரங்களை வாங்கிக்கொள்ளும் வேறு நிரலாயினும், துடைக்கப்பட்டதை மீட்க மாட்டா. மீட்போம் என்று விளம்பரம் செய்பவர் அனைவரும் மெய் பேசுபவர் அல்லர். எனவே கோப்பை இழப்பதற்கு முன் நாம் நையாயிகராக இருக்க வேண்டும்; எது அழிந்தாலும் திரும்பாது என்ற பயத்தோடு முக்கியமானவற்றை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியிலும் இருக்குமாறு வைக்க வேண்டும். வெளிவட்டைப் பிரதி எடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும். இணைத்தே வைத்தால், பணம் பறிக்கும் நச்சுநிரல் மூலத்தோடு பிரதியையும் பூட்டிவிடும். இழந்த பின்போ சாங்கியராக மாறிவிட வேண்டும். எங்கோ ஒடுங்கியிருக்கிறது என்ற தைரியத்தோடு, எழுதுவதை நிறுத்தித் தேட வேண்டும். உலகத்தார் செய்வது இதற்கு நேர்மாறு: இருக்கும்போது ‘எங்கே போகும்’ என்று சாங்கியராக இருந்துவிட்டு, போன பிறகு ‘போயே போச்சு’ என்று நையாயிகராகிறார்கள்.

இந்த யோக்கியதை நியதியை ஈசுவர விசாரத்தில் பிரயோகித்த மகான் உதயனாசாரியர். காணப்படாமையால் ஈசுவரன் இல்லை என்று வாதித்தவருக்கு, நியாயகுஸுமாஞ்ஜலியின் மூன்றாம் ஸ்தபகத்தில் அவர் கூறும் விடை இதுவே: காணப்படும் தகுதியுள்ள பொருளின் காணாமையே இன்மையைச் சாதிக்கும், புலன்களுக்கு விஷயமாகாத பரம்பொருளிடம் அந்த வாதம் செல்லாது. இதனால் ஈசுவரன் உண்டென்று நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. உதயனரும் அவ்வாறு சொல்லவில்லை. மறுப்பாளரின் ஆயுதம் ஒன்றைப் பறித்துவிட்டு, ஈசுவரனைச் சாதிக்க அவர் வேறு அனுமானங்களைத் தேடிச் செல்கிறார். அந்த நேர்மை எனக்கு மிகவும் உவப்பானது. பக்தர்களாகிய நாமும் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வட்டில் மறைந்த கோப்பு மீண்டதென்பதால் பிரபஞ்சத்துக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறதென்று வாதிப்பது சிறுபிள்ளைத்தனம். கணினி நமக்குக் கற்பிக்கக்கூடியது மறுப்பில் நிதானம் மட்டுமே. துணிந்து ‘உண்டு’ என்பதற்கான ஆதாரத்தை உபாசனையிலும் சாஸ்திரத்திலும் சான்றோர் அனுபவத்திலும்தான் தேட வேண்டும்.

அழியாமல் இருப்பதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. பழைய கணினியை விற்பவர் பலர் கோப்புகளை நீக்கி, விரைவு முறையில் ‘பார்மட்’ செய்துவிட்டு, எல்லாம் அழிந்ததென்று நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவர் ஃபோட்டோரெக்கை ஓட்டினால் குடும்பப் படங்களும் வங்கித் தாள்களும் அவர் கண்முன் வந்து நிற்கும். செய்த வினை மறந்தபின்னும் சம்ஸ்காரமாய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சாஸ்திரம் சொல்வதை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. சுழலும் வட்டாயின், விரைவு முறையை விலக்கி முழு முறையில் பார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டா முதலான பதிப்புகள் வட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும்; எஸ்எஸ்டியாயின் அதன் தயாரிப்பாளர் தரும் துடைப்பு நிரலைப் பயன்படுத்துவது சிறந்தது. கோப்புகளை மீட்டுத் தரும் தொழிலினருக்கும் ஒரு தர்மம் உண்டு. மீண்டவற்றைத் திறந்து திறந்து பார்க்காமல், சரியாக மீண்டதா என்று ஒன்றிரண்டை உரியவர் முன்னிலையில் சோதித்து, முழுவதையும் அவர் கொணர்ந்த வட்டில் எழுதிக் கொடுத்து, தம் கணினியில் உள்ள பிரதியை அன்றே அழித்துவிடுபவரே நம்பிக்கைக்கு உரியவர்.

மரணம் நேர்ந்த வீடுகளிலிருந்து இத்தொழிலினரிடம் வருபவர்கள் கேட்பதுதான் யாவற்றிலும் கடினமானது. காலமானவரின் குரல் பதிவாகியிருந்த தொலைபேசி பழுதாகிவிட்டது, அதை மீட்டுத் தாருங்கள் என்கிறார்கள். கடோபநிஷத்தில் நசிகேதன் யமனிடம் மூன்றாம் வரமாகக் கேட்டதும், மாண்டவன் இருக்கிறான் என்போரும் இல்லை என்போரும் உளரே, உண்மை எது என்பதைத்தான். யமனே வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேளாதே என்று தயங்கினான். அந்தக் கேள்விக்கு ஒரு குரற்பதிவு விடையாகாது. பதிவு மீண்டால் மாண்டவர் மீண்டதாக ஆவதில்லை; மீளாவிட்டால் அவர் இரண்டாம் முறை இறந்ததாகவும் ஆவதில்லை. இதனை மென்மையாக எடுத்துச் சொல்லும் ஒருவர் அருகில் இருப்பது துக்கத்தில் உள்ளவருக்குப் பெரிய உபகாரம். ஆயினும் குரலைக் கேட்க விரும்புவது குற்றமா? இல்லவே இல்லை; சிராத்த காலத்தில் பெயரும் கோத்திரமும் சொல்லி அழைக்கும் நாம் அந்த விருப்பத்தைக் குறைகூற முடியாது.

அத்தகையோருக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். இக்காலத்துத் தொலைபேசிகள் உள்ளடக்கத்தைச் சங்கேதமிட்டு வைப்பதால், அழித்த பதிவை அதனுள்ளிருந்து மீட்பது பெரும்பாலும் நடவாது. பழுதான கருவியைப் பல கடைகளுக்குத் தூக்கி அலைய வேண்டாம். முதலில் அவருடைய கணக்கின் மேகச் சேமிப்பில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி நீக்கியவற்றை முப்பது நாள் வைத்திருக்கும். பிறகு, அவர் வாட்ஸாப்பில் யார் யாருக்குக் குரற்செய்தி அனுப்பினாரோ, மும்பையில் உள்ள தம்பிக்கோ, நாகர்கோவிலில் உள்ள மைத்துனருக்கோ, கோயில் கமிட்டிக் குழுவுக்கோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அனுப்பியவர் கருவியில் அழிந்தது பெற்றவர் கருவியில் இருக்கக்கூடும். கேட்கும் வரையில் தம்மிடம் அது இருப்பதை அவர்களே அறிந்திருக்க மாட்டார்கள். கேட்பதற்குத் தாமதிக்கலாகாது. அவர்களும் இந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ தொலைபேசியை மாற்றிவிடுவார்கள்.